பேரேட்டுப் படங்களும் பெரிய பஃபர்களும்: லினக்ஸ் கெர்னலின் நினைவக ஒதுக்கீடு குறித்து ஒரு மதிப்புரை

இங்கே மதிப்பிடப்படும் பொருளுக்கு விலை இல்லை. பெட்டியும் ரசீதும் இல்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், தனக்குள் இயங்கும் டிரைவர்களுக்கு, அதாவது வன்பொருளை இயக்கும் நிரல்களுக்கு, பெரிய அளவு நினைவகத்தை ஒதுக்கித் தரும் முறையை ஒரு சேவையாகக் கருதி, அதை நம்பி வேலை செய்பவன் என்ற நிலையிலிருந்து எழுதுகிறேன். காரைக்குடியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பல வீடுகளின் இரண்டாம் கட்டு அறைகளில் பழைய பேரேடுகளும் ஐந்தொகைகளும், பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் வந்த கடிதக் கட்டுகளும் இன்னும் இருக்கின்றன. சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் மூலச் சேகரிப்பே காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் திரண்டதுதான் என்பதை நினைத்தால், இப்பகுதியில் படமெடுக்க வேண்டிய காகிதம் எவ்வளவு இருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அந்தப் பணிக்கு நாங்கள் பயன்படுத்துவது ஒரு சிறிய ஒற்றைப் பலகைக் கணினியும், அதன் பலகையிலேயே நேரடியாகப் பொருத்தப்படும் கேமராவும். மங்கிய மையில் நெருக்கி எழுதப்பட்ட கணக்குகளைப் படிக்கத்தக்க வகையில் எடுக்க வேண்டுமென்றால் படம் பெரிதாக இருந்தாக வேண்டும்; சிக்கலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எங்கள் கேமராவின் முழுப் படம் 4056 × 3040 புள்ளிகள் கொண்டது. ஒரு புள்ளிக்கு 2 பைட் என்று வைத்தால் ஒரு படத்துக்கு 24,660,480 பைட்டுகள் தேவை. 1024 அடிப்படையில் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 23.5 மெகாபைட். கேமரா ஒரு பஃபரில், அதாவது படத்தைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகப் பகுதியில், எழுதிக்கொண்டிருக்கும்போது மென்பொருள் மற்றொன்றைப் படிக்க வேண்டியிருப்பதால், டிரைவர் வழக்கமாக நான்கு பஃபர்களைக் கேட்கும். ஆக மொத்தம் 94 மெகாபைட். கணினியில் சில ஜிகாபைட் நினைவகம் இருக்கும்போது இது ஒரு பொருட்டே அன்று என்று தோன்றும். ஒரு வீட்டில் வேலை நடுவே கேமரா நின்றுபோனபோது, அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி, “பாதிக்கு மேல் காலியாக இருக்கிறது என்று நீங்கள்தானே தம்பி சொன்னீர்கள், பிறகு எப்படி இடமில்லை என்கிறது?” என்று கேட்டார். இந்தச் சேவையைப் பற்றிக் கேட்கத்தக்க முதன்மையான கேள்வி அதுதான்.

காலி இடம் இருப்பது வேறு, தொடர்ச்சியான காலி இடம் இருப்பது வேறு. கெர்னல் நினைவகத்தைப் பக்கங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. பெரும்பாலான கணினிகளில் ஒரு பக்கம் 4 கிலோபைட். சாதாரணப் பயன்பாட்டு நிரல் ஒன்று 24 மெகாபைட் கேட்டால், அங்கும் இங்கும் சிதறிக் கிடக்கும் பக்கங்களை எடுத்து, நிரலுக்குக் காட்டப்படும் மெய்நிகர் முகவரியில் வரிசையாகத் தோன்றும்படி கெர்னல் கோத்துத் தந்துவிடும். நிரலுக்கு வேறுபாடே தெரியாது. ஆனால் எங்கள் பலகையில் கேமராவின் தரவைப் பெறும் பகுதி போன்ற எளிய வன்பொருள் செயலியின் முகவரி அட்டவணையைப் பார்ப்பதில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரு தொடக்கப் பௌதிக முகவரியும் (சில்லில் உள்ள உண்மையான இடம்) ஒரு நீளமும்தான். ஆகவே 6,021 பக்கங்களும் நினைவகச் சில்லில் உண்மையாகவே அடுத்தடுத்து இருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு பக்கம் பிறர் கையில் இருந்தாலும் அந்த இடம் பயன்படாது.

கெர்னலின் அடிப்படை ஒதுக்கி ஆங்கிலத்தில் ‘படி’ (buddy) என்று அழைக்கப்படும் இரட்டையர் முறையில் இயங்குகிறது. பக்கங்களை 1, 2, 4, 8 என்று இரண்டின் அடுக்குகளாகக் கட்டி வைத்து, சிறியது கேட்டால் பெரிய கட்டை இரண்டாகப் பிளந்து தருவதும், திரும்பி வரும்போது அதன் இணைக் கட்டும் காலியாக இருந்தால் இரண்டையும் மீண்டும் ஒட்டுவதும் இதன் வேலை. 1965இல் கென்னத் நோல்ட்டன் இதை அச்சில் விளக்கினார். அதற்கு முன்பே, 1963இல், ஹாரி மார்கோவிட்ஸ் இதைப் பயன்படுத்தியதாகக் கணினியியல் அறிஞர் டொனால்ட் நூத் குறிப்பிடுகிறார். முதலீட்டைப் பல இடங்களில் பிரித்து வைப்பது குறித்த கோட்பாட்டுக்காக 1990இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அதே மார்கோவிட்ஸ்தான். கொடுக்கல் வாங்கலில் பெயர் பெற்ற இந்த மண்ணில் இதைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

இந்த முறையின் வேகத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் லினக்ஸின் வழக்கமான அமைப்பில் இதன் உச்ச வரம்பு பத்தாம் அடுக்கு, அதாவது 1,024 பக்கங்கள் அல்லது 4 மெகாபைட். கேமராவின் முன்னோட்டக் காட்சிக்கு 1920 × 1080 அளவில் புள்ளிக்கு ஒன்றரை பைட் வீதம் 760 பக்கங்கள் போதும். அது இந்த வரம்புக்குள் அடங்கும், ஆனால் 1,024 பக்கக் கட்டாக உயர்த்தப்படுவதால் கால் பங்குக்கு மேல் வீணாகும். மிஞ்சிய வால் பகுதியைத் திருப்பித் தருவதற்குத் தனி அழைப்பு உண்டு என்றாலும் எல்லா டிரைவர்களும் அதைப் பயன்படுத்துவதில்லை. முழுப் படமோ இந்த வரம்பைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு. தொடர்ச்சியான இடம் கேட்பதற்கான ‘கேமல்லாக்’ என்ற அழைப்பின் வழியாகக் கெர்னலிடம் அதைக் கேட்டால் கணினி அப்போதுதான் துவங்கியிருந்தாலும், நினைவகம் முழுவதும் காலியாக இருந்தாலும், மறுப்பே விடையாகக் கிடைக்கும்.

வரம்புக்குள் இருப்பதெல்லாம் கிடைத்துவிடும் என்றும் நம்பக் கூடாது. மூன்றாம் அடுக்கு வரை, அதாவது 32 கிலோபைட் வரை, கெர்னல் மிகுந்த முயற்சி எடுத்து எப்படியாவது தந்துவிடப் பார்க்கும். சாதாரணமாக அந்த அளவுக் கோரிக்கை தோற்பதில்லை. அதற்கு மேற்பட்டவற்றை அது ‘செலவு மிக்கவை’ என்று வகைப்படுத்தி, ஓரளவு முயன்றுவிட்டுக் கைவிரித்துவிடும். இந்தக் கோடு 32 கிலோபைட்டில் விழுகிறது என்பதை அறியாமலேயே ஒரு மெகாபைட், இரண்டு மெகாபைட் என்று கேட்கும் டிரைவர்கள் சந்தையில் ஏராளமாக உள்ளன. காத்திருக்க வழியில்லாத சூழலிலிருந்து, எடுத்துக்காட்டாக வன்பொருள் எழுப்பும் ஒரு குறுக்கீட்டைக் கையாளும்போது, கேட்கப்படும் கோரிக்கைகளுக்கு நிலைமை இன்னும் மோசம். அங்கே பக்கங்களை நகர்த்தவோ விடுவிக்கவோ கெர்னலுக்கு நேரமே கிடைப்பதில்லை.

எங்கள் பணியில் இதன் விளைவு விசித்திரமான வடிவில் வெளிப்பட்டது. அடிக்கடி மின்சாரம் போகும் வீடுகளில் கருவி ஒழுங்காக இயங்கியது. நல்ல இன்வெர்ட்டர் உள்ள வீட்டில்தான் நின்றது. காரணம் எளிது. மின்சாரம் போய் வரும்போதெல்லாம் கணினி புதிதாகத் துவங்கியது. நினைவகம் துண்டுபடாமல் இருந்தது. இடைவிடாமல் ஓடிய கணினியில் கோப்புகள், நிரல்கள், கெர்னலின் சொந்தப் பொருள்கள் எல்லாம் கலந்து கலந்து இடம்பிடித்து, தொடர்ச்சியான பகுதிகள் தேய்ந்துபோயின. சோதனைக் கூடத்தில் சில நிமிடம் ஓட்டிப் பார்த்து ‘இயங்குகிறது’ என்று சான்றளிக்கும் டிரைவர்களைப் பற்றி எனக்கு அதன் பிறகு மரியாதை குறைந்துவிட்டது.

தொடர்ச்சியான பௌதிக இடம் தேவையில்லாதவர்களுக்குக் கெர்னல் தரும் சேவை உண்மையிலேயே நல்லது. ‘விமல்லாக்’ என்ற அழைப்பு சிதறிய பக்கங்களைக் கெர்னலின் முகவரி வெளியில் வரிசையாக ஒட்டித் தருகிறது. பக்க அட்டவணையை எழுதும் செலவும், அண்மையில் மாற்றிய முகவரிகளைச் செயலி நினைவில் வைத்திருக்கும் சிறு தேக்ககத்தில் கூடுதல் நெருக்கடியும்தான் அதற்கான விலை. 32 பிட் கணினிகளில் அந்த முகவரி வெளியே குறுகியது. எக்ஸ்86 வகையில் இயல்பாக 128 மெகாபைட் மட்டுமே. 64 பிட்டில் அந்தக் கவலை நடைமுறையில் இல்லை. 2017இல் 4.12 பதிப்பில் வந்த ‘கேவிமல்லாக்’ இன்னும் வசதியானது: முதலில் தொடர்ச்சியான இடத்தை அலட்டிக்கொள்ளாமல் தேடிப் பார்த்து, கிடைக்காவிட்டால் விமல்லாக் வழிக்குத் தானே மாறிவிடும். அதற்கு முன்பு ஒவ்வொரு டிரைவர் எழுத்தாளரும் இதே தர்க்கத்தைத் தனித்தனியாக, பெரும்பாலும் அரைகுறையாக, எழுதிக்கொண்டிருந்தார்கள். அட்டவணைகள், பதிவுகள், செயலி மட்டுமே தொடும் தரவு ஆகியவற்றுக்கு வேறு எதையும் நாட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

வாங்குபவர்களுக்குப் பயன்படும் ஒரு செய்தியை இந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். யூஎஸ்பி கேமராக்களுக்கான பொது டிரைவர் தன் படப் பஃபர்களை விமல்லாக் வழியாகவே எடுக்கிறது. யூஎஸ்பி வழி வரும் சிறு பொட்டலங்களைச் செயலியே எடுத்து அந்தப் பஃபரில் அடுக்குவதால் தொடர்ச்சி தேவைப்படுவதில்லை. ஆகவே நாங்கள் பட்ட பாட்டை யூஎஸ்பி கேமரா வாங்குபவர்கள் படமாட்டார்கள். செயலிக்குக் கூடுதல் வேலை என்பது உண்மை. ஆனால் பக்கத்துக்கு ஒரு படம் எடுத்துத் தாளைப் புரட்டும் வேகத்தில் நடக்கும் பணிக்கு அது ஒரு குறையாகத் தெரியாது.

நேரடி இணைப்புக் கேமராவே வேண்டும் என்பவர்களுக்குக் கெர்னல் முன்வைக்கும் முதன்மையான விடை, சிஎம்ஏ எனச் சுருக்கமாக வழங்கும் தொடர் நினைவக ஒதுக்கி. சாம்சங் நிறுவனத்தில் அப்போது பணியாற்றிய மாரெக் ஷிப்ரோவ்ஸ்கி, மிகாவ் நசரேவிச் ஆகியோரின் உழைப்பில் உருவாகி 2012இல் 3.5 பதிப்பில் சேர்ந்தது. கணினி துவங்கும்போதே ஒரு பெரிய தொடர்ச்சியான பகுதியை இது குறித்து வைத்துக்கொள்கிறது; ஆனால் டிரைவர் கேட்கும்வரை அதைச் சும்மா போட்டு வைப்பதில்லை. செட்டிநாட்டு வீட்டின் வளவைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். திருமணத்துக்கு வேண்டிய விரிந்த இடம் அது. ஆனாலும் ஆண்டு முழுவதும் அங்கே வற்றல் காய்கிறது, பாய் விரித்துப் படுக்கிறார்கள், பிள்ளைகள் ஓடுகிறார்கள். நாள் குறித்ததும் எல்லாம் பட்டாலைக்கும் இரண்டாம் கட்டுக்கும் நகர்ந்துவிடும். நகர்த்த முடியாத இரும்புப் பெட்டகத்தை மட்டும் யாரும் அங்கே கொண்டுவந்து இறக்குவதில்லை. அதுபோலவே நகர்த்தத்தக்க பக்கங்களுக்கு மட்டும், அதாவது பயன்பாட்டு நிரல்களின் பக்கங்களுக்கும் கோப்புத் தேக்ககத்துக்கும், கெர்னல் அந்தப் பகுதியை இரவல் தருகிறது. தன் சொந்த நகராப் பொருள்களை அங்கே வைப்பதில்லை. கேமரா கேட்டதும் இரவல் பெற்றவை வேறிடத்துக்குப் பெயர்க்கப்படுகின்றன.

எண்ணம் சிறப்பானது, செயலிலும் பெரும்பாலும் சொன்னபடி நடக்கிறது. எனினும் இதை வாங்கிவைத்த பொருள் போல மறந்துவிட முடியாது என்பதற்கு மூன்று அனுபவங்கள் உண்டு.

எங்கள் பலகையோடு வந்த அமைப்பில் இப்பகுதியின் அளவு 64 மெகாபைட் என்று குறிக்கப்பட்டிருந்தது. நான்கு முழுப் பஃபர்களுக்கு அது போதாது என்பது கணக்கிலேயே தெரிகிறது. இரண்டாகக் குறைத்தால் 47 மெகாபைட். முன்னோட்டத்துக்கான நான்கு சிறு பஃபர்களைச் சேர்த்தாலும் ஏறத்தாழ 59. அடங்கிவிட வேண்டும் அல்லவா? அடங்குவது அவை எந்த வரிசையில் வந்து அமர்கின்றன என்பதைப் பொறுத்தது. முன்னோட்டப் பஃபர்கள் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டால் இருபுறமும் இருபதும் முப்பதுமாக மிச்சம் நிற்கும். இரண்டாவது முழுப் பஃபருக்கு இடமிருக்காது. இந்தப் பகுதி பிறருடைய துண்டாடலிலிருந்து காப்பாற்றப்பட்டது; தன்னையே பயன்படுத்தும் டிரைவர்கள் ஒருவரையொருவர் துண்டாடுவதிலிருந்து காப்பாற்றப்படவில்லை. விளக்க ஆவணங்களில் இந்த வேறுபாட்டுக்கு இன்னும் அழுத்தம் கொடுத்திருக்கலாம்.

அடுத்தது தாமதம். எடுத்த படங்களை வெளி வட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது, எழுதி முடியாத கோப்புப் பக்கங்கள் இந்தப் பகுதிக்குள்ளும் இருக்கும். அவற்றைப் பெயர்க்க வேண்டுமென்றால் எழுத்து முடியும்வரை காத்திருக்க வேண்டும். மெதுவான யூஎஸ்பி வட்டு செருகப்பட்டிருந்தால், கேமராவைத் துவக்கும் கட்டளை கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தயங்குகிறது. படமெடுக்கும் மென்பொருளைக் காலையில் ஒருமுறை துவக்கி, பஃபர்களை விடாமல் பிடித்து வைத்துக்கொண்டு, மாலையில் மட்டும் மூடுவது இதற்கான நடைமுறைத் தீர்வு. ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் மென்பொருள்களை இக்காரணத்தாலேயே தவிர்த்துவிட்டோம்.

பிடிவாதமாக நகர மறுக்கும் பக்கங்கள் இன்னொரு தொல்லை. இயல்பில் நகரத்தக்க பக்கத்தையும், வேறொரு வன்பொருள் நேரடியாக அணுகிக்கொண்டிருந்தால், அந்த நேரத்துக்கு நகர்த்த முடியாது. நீண்ட காலம் பிடித்து வைக்கப்போகிறவர்கள் முன்கூட்டியே அறிவித்தால், அப்பக்கங்களை இப்பகுதிக்கு வெளியே கொண்டுபோய்விட்டுப் பிறகு பிடிக்கும் ஏற்பாடு அண்மைப் பதிப்புகளில் உண்டு. அறிவிக்காத டிரைவர்களிடம் அது செல்லாது. தோல்விச் செய்தியில் பிழை எண் 12 வந்தால் இடமே போதவில்லை என்றும், 16 வந்தால் யாரோ நகர மறுக்கிறார்கள் என்றும் பொதுவாகப் பிரித்தறியலாம். எத்தனை பக்கம் கேட்கப்பட்டது என்பதையும் அந்தச் செய்தி சொல்லிவிடுகிறது. பழுது நேரும்போது இவ்வளவு தெளிவாகப் பேசும் சேவைகள் வணிகப் பொருள்களில்கூட அரிது. துவக்க அளவுருவில் பகுதியை 256 மெகாபைட்டாக உயர்த்திய பிறகு எங்கள் தொல்லை நின்றது. அவ்வளவு பெரிய பகுதி இரவலாகப் பிறருக்கும் பயன்படுவதால் நினைவக இழப்பு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை.

உயர்த்தும்போது கேமராவின் எட்டும் தூரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 32 பிட் முகவரி மட்டுமே தெரிந்த வன்பொருள் முதல் 4 ஜிகாபைட்டுக்கு அப்பால் எதையும் தொடாது. சில சில்லுகளில் சில புறக்கருவிகள் முதல் 1 ஜிகாபைட்டை மட்டுமே அறியும். அந்த எல்லைக்குள் பகுதி அமைய வேண்டும் என்பதால் விருப்பம்போல் பெருக்கிக்கொண்டே போக முடியாது.

சிஎம்ஏ வருவதற்கு முன்பிருந்த வழியும் இன்னும் கிடைக்கிறது. கணினியின் மேல் பகுதி நினைவகத்தைத் துவக்கத்திலேயே கெர்னலின் கணக்கிலிருந்து மறைத்துவிட்டு, அதை ஒரே டிரைவருக்குச் சாசனமாக எழுதி வைப்பது. இன்று வன்பொருள் விவரக் கோப்பில் ஒதுக்கிய நினைவகம் என்று குறித்து இதைச் செய்கிறார்கள். தயக்கமும் தோல்வியும் இல்லை. கேமரா பயன்படாத நேரத்தில் அந்த நினைவகம் யாருக்கும் பயன்படாது என்பதே குறை. 1 ஜிகாபைட் பலகையில் 100 மெகாபைட்டை அப்படித் தூக்கிக் கொடுக்க நான் தயங்குவேன். 8 ஜிகாபைட் பலகையில், இடைவிடாமல் ஓட வேண்டிய கருவியில், தயங்க மாட்டேன்.

துண்டுபட்ட நினைவகத்தைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் ஏற்பாடுகளும் கெர்னலில் வளர்ந்து வந்துள்ளன. அவற்றில் பலவற்றின் பின்னால் மெல் கோர்மன் என்ற பொறியாளரின் பெயர் இருக்கிறது. பக்கங்களை நகரத்தக்கவை, நகராதவை என்று இனம் பிரித்து வெவ்வேறு இடங்களில் வைக்கும் முறை 2.6.24 பதிப்பிலும், பயன்பாட்டிலுள்ள பக்கங்களை ஓர் ஓரமாக ஒதுக்கித் தொடர்ச்சியான வெளியை உண்டாக்கும் முறை 2010இல் 2.6.35 பதிப்பிலும் வந்தன. 2020இல் 5.9 பதிப்பிலிருந்து, யாரும் கேட்பதற்கு முன்பே பின்னணியில் இதைச் செய்துவைக்கும் வசதியும் உண்டு. கெர்னல் தன் நிலையைக் காட்டும் ‘ப்ராக்’ (/proc) அடைவிலுள்ள ‘படிஇன்ஃபோ’ (buddyinfo) கோப்பைத் திறந்து பார்த்தால் ஒவ்வோர் அடுக்கிலும் எத்தனை கட்டுகள் மிச்சம் என்பது தெரியும். இடப்புற எண்கள் பெருத்தும் வலப்புற எண்கள் பூச்சியமாகவும் இருந்தால் நினைவகம் துண்டுபட்டிருக்கிறது என்று பொருள். ஒழுங்குபடுத்தும்படி கையால் கட்டளையிட்டு அந்த எண்கள் வலப்புறம் நகர்வதைப் பார்ப்பது மனநிறைவு தரும் காட்சிதான், ஆனால் 4 மெகாபைட் வரம்பை அது உயர்த்தாது என்பதால் எங்கள் கேமராவுக்கு அதனால் நேரடிப் பயன் இல்லை.

பிற இயங்குதளங்கள் இதில் மேலானவையா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமான விடை: இல்லை. விண்டோஸின் டிரைவர் ஆவணங்களும் தொடர் நினைவகத்தைத் துவக்கத்திலேயே பெற்றுக்கொள்ளும்படி அறிவுறுத்துகின்றன. ஃப்ரீபிஎஸ்டியில் இதற்கெனத் தனி அழைப்பு இருந்தாலும் துண்டாடலின் இயல்பு மாறிவிடுவதில்லை. சிதறிய பக்கங்களை வன்பொருளுக்கும் வரிசையாகக் காட்டும் முகவரி மாற்றி, ஐஓஎம்எம்யூ, கேமராவின் பாதையில் இருந்தால் இந்தக் கட்டுரையின் பெரும் பகுதி தேவைப்படாது. வாங்கும்போதே அதைக் கேட்டு வாங்குவது நல்லது. மலிவான பலகைகள் பலவற்றில் கேமராப் பாதைக்கு அது இருப்பதில்லை.

செயலி மட்டும் தொடும் தரவுக்கு இச்சேவையைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். நேரடி வன்பொருள் அணுகலுக்கு, தேவையைக் கணக்கிட்டுத் துவக்கத்திலேயே சொல்லிவிடுகிறவர்களுக்கு மட்டும் பரிந்துரைப்பேன். ஓடிக்கொண்டிருக்கும் கணினியிடம் நடுவழியில் 24 மெகாபைட் தொடர்ச்சியாகக் கேட்கும் டிரைவரை யார் விற்றாலும் திருப்பிக் கொடுத்துவிடுவதே முறை. சிஎம்ஏ அளவைத் துவக்க அளவுருவில் மாற்றியவர்கள், பலகையின் மென்பொருளைப் புதுப்பித்த பின்னர் அதே ‘ப்ராக்’ அடைவிலுள்ள ‘மெம்இன்ஃபோ’ (meminfo) கோப்பில் அதன் மொத்த அளவு காட்டும் வரியை ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். சில புதுப்பிப்புகள் அந்த அளவுரு உள்ள கோப்பையே மாற்றி எழுதி, அளவைப் பழையபடி 64க்குக் கொண்டுவந்துவிடுகின்றன.